தம் லோ

லாங் ஐலண்ட், அந்தமான்
8.2.1964

அன்புள்ள செல்லத்துக்கு,

நான் சுகம். உன் சுகத்துக்கும் அம்மாவின் மூட்டுவலிக்கும் பதில் எழுது.

முந்தாநாள் மரம் இழுக்கும் இரும்புக் கயிறு அறுந்து என் காதோரமாகப் போயிற்று. கீறல்கூட இல்லை. ஆனால் கால் என் பேச்சைக் கேட்கவில்லை, அப்படியே நின்றுவிட்டேன். எனக்கு வேலை பழக்கும் வங்காளி மேஸ்திரி நிதாய் ஓடிவந்து, "தம் லோ, ஜம்பு, தம் லோ" என்றார். நாம் தம் பிடிப்போமே, அதைத்தான் சொல்கிறார் என்று மூச்சை அடக்கினேன். அவர் சொல்லச் சொல்ல இன்னும் இறுக்கினேன். கண் இருட்டி விழுந்துவிட்டேன். இந்தியில் அதற்கு மூச்சு வாங்கிக்கொள் என்று அர்த்தமாம்.

நான் விழித்ததும் அவர் என் முதுகில் கைவைத்து, "பெஹலே பதன், ஃபிர் காம்" என்றார். முதலில் உடம்பு, பிறகுதான் வேலையாம். மூச்சை மெல்ல விடச் சொல்லிக்கொடுத்தார். அவர் கையை எடுத்தபோதுதான், இரண்டு வருஷமாக என்னை யாரும் தொடவில்லை என்று உறைத்தது.

ஆபத்து போய்விட்டது என்று எனக்குத் தெரிகிறது, நரம்புக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

நல்லெண்ணெய் ஒரு போத்தல் அனுப்பு. தபால் போட் கிளம்பப்போகிறது. கையெழுத்து ஏன் இப்படிக் கோணுகிறது என்று அம்மா கேட்டால், போட்டில் உட்கார்ந்து எழுதினேன் என்று சொல்லிவிடு.

உன்
ஜம்புலிங்கம்