தரையில் அறைந்த கை

ஜூன் 14, 2009

காலையில் எடை எழுபது கிலோ நானூறு. ஜூலை கடைசித் தேதி பெங்களூரில் தராசில் ஏறும்போது அறுபத்தாறு இருக்க வேண்டும். தோட்டத்தில் பன்னீர் திராட்சை அறுப்பு. பந்தலுக்குக் கீழே அரை நாள் குனிந்து நின்றும் ஒரு பழம்கூட வாயில் போடவில்லை. முதல் வெற்றி இதுதான், குறித்து வைக்கிறேன்.

ஒப்பந்தம் கைக்கு வந்துவிட்டது. இரண்டு சண்டை. ஒன்று பெங்களூரில், இன்னொன்று வருசக் கடைசியில் கொச்சியில். இரண்டிலும் தோற்றால் அதற்குமேல் யாரும் கூப்பிட மாட்டார்கள். ஒன்றிலாவது ஜெயித்தால் இதுதான் என் தொழில் என்று சொல்லிக்கொள்ளலாம். நான் இரண்டிலும் ஜெயிப்பேன்.

அம்மாவுக்கு விளக்கினேன். கம்பிவலைக் கூண்டு, மூன்று ரவுண்டு, ரவுண்டுக்கு ஐந்து நிமிடம். குத்தலாம், உதைக்கலாம், தூக்கிப் போடலாம், கையை முறுக்கலாம், கழுத்தை நெரிக்கலாம். "அப்பறம் என்னத்தடா செய்யக் கூடாது?" என்றாள். கடிக்கக் கூடாது என்றேன். "ரொம்ப நல்லாருக்கு" என்று எழுந்து போனாள். தாங்க முடியாதபோது தரையிலோ எதிராளி மேலோ கையால் தட்டினால் போதும், தோல்வியை ஒத்துக்கொண்டதாக அர்த்தம், உடனே விட்டுவிடுவார்கள் என்பதை அடுப்படி வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பிவிட்டார்.

ஜூன் 21

டிவிஎஸ்ஸை லோயர் கேம்ப் டீக்கடையில் நிறுத்திவிட்டு குமுளி வரை மலைப்பாதையில் ஓட்டம். நாற்பத்திரண்டு நிமிடம். போன வாரத்தைவிட மூன்று நிமிடம் குறைவு.

குமுளியில் டயர் கடை மாடியில்தான் பிஜுவின் ஜிம். காலையில் தேக்கடிக்கு ஜீப் ஓட்டுகிறான், மத்தியானம் என்னை உதைக்கிறான். கிக் பாக்சிங்கில் அவன் அடித்த ஆள்களின் போட்டோ சுவர் முழுக்க இருக்கிறது. இன்றைக்கு, "காலு கொள்ளாம், கை போரா" என்றான். கால் பரவாயில்லை, கை போதாது. போதாத கையால் அவன் மூக்கில் ஒன்று வைத்தேன். சிரித்தான், ரத்தத்தோடு.

ஜூலை 9

தரைச் சண்டைக்கு என் கூடப் பிறந்த அக்கா அனுசுயாதான். உத்தமபாளையத்தில் பி.டி. டீச்சர், ஜூடோவில் மாநில அளவில் வெள்ளி வாங்கியவள். சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும் களத்தில் பழைய மெத்தையை விரித்து என்னைத் தூக்கிப் போடுகிறாள். பாதி ஊர் வேலிக்கு வெளியே நின்று பார்க்கிறது. எனக்கு வெட்கமில்லை. தேனி மாவட்டத்திலேயே கபடியில் கணுக்காலைப் பிடித்தால் விடாத ஆள் நான், என்னை அக்கா முதுகில் போட்டு அரிசி மூட்டை மாதிரி இறக்குகிறாள் என்றால் அது அவள் திறமை.

"நீ அமுக்கிட்டு சும்மா படுத்துக் கெடக்க. விசில் ஊதுவாகன்னு காத்திருக்கியா?" என்றாள்.

ஆமாம். பத்து வருசமாக விசிலுக்குத்தான் காத்திருந்தேன். கபடியில் ஆளைப் பிடித்தால் வேலை முடிந்தது. இங்கே பிடித்த பிறகுதான் வேலையே ஆரம்பிக்கிறது.

அப்பா அப்போதுதான் மாட்டைக் கட்டிவிட்டு வந்தார். மெத்தையைப் பார்த்தார், வழியைச் சுற்றிக்கொண்டு போனார். அவரும் என்னைப் போல ஊர்க் கபடி டீமில் இடது கார்னர், ஓரத்தில் நின்று பாடி வருகிறவனின் காலைப் பிடிக்கிற ஆள். ஆளைப் பிடித்து மேலே ஏறிப் படுத்ததும் வலது கையால் தரையில் பளார் பளார் என்று அறைவார். சத்தம் கேட்டுத்தான் கூட்டம் கத்தும். நான் பிறந்ததிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்து, நானும் அறைகிறேன். கம்பத்தில் போய் ஆடினாலும் "சுருளிவேல் மகன் அறைஞ்சுட்டான்டா" என்பார்கள். அந்தக் கையை வைத்து ரயில்வே டீமில் வேலை வாங்குவேன் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். நான் கூண்டுக்குள் போகிறேன்.

ஜூலை 31. பெங்களூர்

65.8. தராசில் ஏறி இறங்கியதும் நான்கு வாழைப்பழம். எதிராளி புனேக்காரன், ஒல்லி, கை நீளம். நாளைக்கு இவன் காலைப் பிடிப்பேன். அவ்வளவுதான் திட்டம்.

ஆகஸ்ட் 2

எழுதித்தான் ஆக வேண்டும்.

முதல் ரவுண்டு. மைக்கில் "தேனி முத்துக்குமரன்" என்றார்கள். புனேக்காரன் இரண்டு குத்து வைத்தான், வலிக்கவில்லை. மூன்றாவதாக உதைக்கக் காலைத் தூக்கினான். அந்தக் கால் வரும் என்று ஜூன் மாதத்திலிருந்தே எனக்குத் தெரியும். கணுக்காலைப் பிடித்தேன், தூக்கினேன், போட்டேன். மேலே விழுந்தேன். கீழே இருந்தபடி அவன் என் கழுத்தைச் சுற்றி ஒரு கையைப் போட்டிருந்தான். நெரிக்கவே இல்லை, தோளில் துண்டு கிடப்பது போலக் கிடந்தது அந்தக் கை.

கூட்டம் கத்தியது. அதே கத்தல். எங்கள் ஊர் சுருளிப்பட்டியில் கேட்ட அதே கத்தல்!

என் கை தானாக எழுந்தது. தரையில் பளார். இன்னொரு முறை பளார்.

நடுவர் பாய்ந்து வந்து என்னை இழுத்தார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு கூண்டைச் சுற்றி ஓடினேன். கடவுளே, ஓடினேன். பிஜு வலைக்கு வெளியே தலையில் கை வைத்து நின்றான். புனேக்காரன் என்னைவிடக் குழம்பிப்போய்ப் பார்த்தான். பிறகு அவன் கையைத்தான் தூக்கினார்கள். நான் தட்டிவிட்டேனாம். கழுத்துப்பிடி தாங்காமல் தோல்வியை ஒத்துக்கொண்டேனாம்.

நடுவர் மேல் தப்பில்லை. தட்டினால் நிறுத்த வேண்டும். நான்தானே அறைந்தேன்? அவருக்கு சுருளிப்பட்டி எங்கே தெரியும்?

ஒரு நிமிடம் நாற்பது விநாடி. உடம்பில் ஒரு கீறல் இல்லை.

ஆகஸ்ட் 3

பஸ் கம்பம் வந்ததும் நான் இறங்கும்போது பிஜு, "எடா, உன்னை யாரும் தோற்கடிக்கல" என்றான். அதுதான் வலிக்கிறது.

ஆகஸ்ட் 9

ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. கபடி டீம் கேப்டன் பால்பாண்டி, டீக்கடையில் எல்லோர் முன்னாலும், "ஏலே முத்து, ஆளையும் அமுக்கி, தோல்வியையும் ஒத்துக்கிட்ட ஒரே பய நீதாண்டா" என்றான். நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எழுதினால் என்ன, யார் படிக்கப் போகிறார்கள்.

அப்பாவிடம் யாரோ முழுக்கதையும் சொல்லியிருக்கிறார்கள். சாப்பிடும்போது தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆகஸ்ட் 11

அழுதது போதும். கை கெட்ட கை இல்லை, கெட்ட பழக்கம். பழக்கத்தை மாற்றலாம்.

அக்கா சட்டம் போட்டாள். இனிமேல் தரை, தொடை, மேசை, எதில் உள்ளங்கை பட்டுச் சத்தம் வந்தாலும் அந்த இடத்திலேயே உட்கார்ந்து எழுந்து ஐம்பது பஸ்கி. வீட்டில் எல்லோரும் கண்காணிப்பார்கள். அம்மாவுக்கு ரொம்பச் சந்தோசம்.

செப்டம்பர் 2

தொடையில் கொசு. அடித்தேன். அம்மா அடுப்படியிலிருந்தே, "சத்தம் கேட்டுச்சு!" என்றாள். ஐம்பது.

கொசுவுக்குக்கூடச் சலுகை இல்லை.

செப்டம்பர் 19

இந்த வாரம் மொத்தம் நானூறு. பிஜு சொன்ன சிரிப்புக் கதைக்கு மேசையைத் தட்டியதும் சேர்த்து. தொடை இரும்பாகிவிட்டது. அக்கா போடும் கைப்பூட்டு இப்போது எனக்கும் வருகிறது: ஆளின் கையை என் இரண்டு காலுக்கு நடுவே வைத்து, முழங்கையை நீட்டி வளைப்பது. இன்று அக்காவையே தட்ட வைத்தேன். "விடுறா நாயே" என்று திட்டிவிட்டு, முதுகில் தட்டிக்கொடுத்தாள்.

அக்டோபர் 18

தீபாவளிக்கு மறுநாள் ஊர்க் கபடி. வேண்டாம் என்று பார்த்தேன், பால்பாண்டி விடவில்லை. பாடி வந்த முதல் ரைடரின் கணுக்காலைப் பிடித்துப் போட்டேன். கூட்டம் அறைக்காகக் காத்திருந்தது. கை எழுந்தது. காற்றிலேயே நின்றது. மெதுவாக இறக்கி மடக்கிக்கொண்டேன்.

"என்னப்பா, கை செத்துப்போச்சா?" என்று எவனோ கத்தினான். செத்துப்போகவில்லை. என் சொல் கேட்க ஆரம்பித்துவிட்டது. இந்த இரண்டு மாதத்தில் இதைவிடப் பெரிய வேலை எதுவும் நான் செய்யவில்லை.

அப்பா மைதானத்துக்கு வந்திருந்தாராம். பாதியில் போய்விட்டாராம்.

நவம்பர் 20

ரயில்வே டீமுக்கு ஆள் எடுப்பு. கடிதம் வந்துவிட்டது. மதுரை, டிசம்பர் 12.

கொச்சி சண்டையும் டிசம்பர் 12.

அப்பா கடிதத்தை அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த டிவி மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். ஆறு மாதத்தில் முதல் முறையாக இந்த விசயத்தில் வாயைத் திறந்தார்.

"ஒரு தடவ அங்கன போய்ப் பாத்துட்ட. போதும்."

"நான் தோக்கலப்பா."

"தெரியும். அதத்தான் எல்லாரும் சொல்றாக. தோக்காமத் தோத்தவன்னு. அந்தப் பேரு எங்கிருந்து வந்துச்சுன்னும் சொல்றாக." கையை விரித்துப் பார்த்து மூடிக்கொண்டார். "வேலை வந்தா அந்தப் பேரு போயிரும்."

"கொச்சியில ஜெயிச்சாத்தான் போகும்."

"நான் அதப் பாக்க மாட்டேன்."

"பாக்க வேண்டாம்."

இரண்டு பேரும் ஒரே மாதிரிக் கோபக்காரர்கள் என்று அம்மா பொதுவாகச் சொல்லிவிட்டுச் சோற்றைப் போட்டாள். எனக்கு இரண்டு கரண்டிதான், எடை.

பயமாக இருக்கிறதா? கொஞ்சம். சந்தேகம் இருக்கிறதா? இல்லை.

டிசம்பர் 4

மலைப்பாதை முழுக்கச் சபரிமலை வண்டிகள். தாடியும் வெற்றுடம்பும் வேர்வையுமாக ஓடினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? ஒரு பஸ் நின்றது. "சாமி, ஏறிக்கங்க சாமி, எதுக்கு ஓடுறீங்க?" வேண்டுதல் என்றேன். பொய்யில்லை. ஒரு சீப்பு வாழைப்பழம் கொடுத்தார்கள். பிஜுவிடம் கொண்டுபோய்க் கொடுத்து, அவன் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முப்பத்தைந்து நிமிடம்.

டிசம்பர் 13. கொச்சி

இடது கண் மூடியிருக்கிறது. ஒற்றைக் கண்ணால் எழுதுகிறேன்.

திருச்சூர்க்காரன். பாறை. முதல் ரவுண்டு அவனுக்கு, இரண்டாவது எனக்கு. மூன்றாவதில் நான் காலுக்குப் பாய்ந்தபோது என் தலையை அக்குளில் வைத்துப் பூட்டினான். புனேக்காரன் போட்டது துண்டு. இது கயிறு. காது அடைத்தது, விளக்குகள் சின்னதாயின. மேலே கூட்டத்தின் சத்தம் எங்கேயோ கிணற்றுக்குள் கேட்டது.

இங்கே உண்மையை எழுத வேண்டும். இந்த முறை நான் தட்டத்தான் நினைத்தேன். நிஜமாகவே. கையைத் தூக்கினேன்.

கை இறங்கவில்லை. நான்கு மாதம் என்னை ஆயிரக்கணக்கில் பஸ்கி போட வைத்த கை. காற்றிலேயே நின்றது. அது அப்படி நின்ற அந்த ஒரு விநாடியில் அவன் களைத்தான் என்று நினைக்கிறேன், பிடி விரல் அளவு தளர்ந்தது. தலையை உருவினேன். எழுந்து விலகப் பார்த்தான். கணுக்கால் என் முன்னாலேயே இருந்தது. கணுக்கால்! பிடித்து வாரினேன், குப்புற விழுந்தான். புரண்டு திரும்பும்போது அவன் கை தனியாக நீண்டது. அக்காவின் பூட்டு. முழங்கையை வளைத்தேன்.

என் தொடையில் தட்டினான். ஒன்று, இரண்டு.

நடுவர் அந்தப் பக்கம் இருந்தார், பார்க்கவில்லை. நான் பிடியைத் தளர்த்தி, அவன் முகத்தைப் பார்த்து, "நெஜமாத்தானா?" என்று கேட்டேன். வேறு எவனும் கேட்டிருக்க மாட்டான். கேட்டதற்கு பிஜு இப்போதுவரை திட்டுகிறான். திருச்சூர்க்காரன் வலியிலும் தலையை ஆட்டினான். "ஆ, மதி, மதி." போதும் போதும். நடுவரைக் கூப்பிட்டு, மறுபடி நன்றாகத் தட்டிக் காட்டினான். நல்ல மனுசன்.

என் கையைத் தூக்கினார்கள். ஓடவில்லை. நின்ற இடத்திலேயே நின்றேன். அங்கேயே அடுத்த வருசத்துக்கு மூன்று சண்டைக்குக் கேட்டிருக்கிறார்கள்.

டிசம்பர் 15

வீடு. அம்மா கண்ணுக்கு ஒத்தடம் கொடுத்தாள், திட்டிக்கொண்டே. அக்கா பள்ளிக்கு லீவு போட்டிருந்தாள். அப்பா, "சாப்பிட்டியா?" என்றார். அவ்வளவுதான். ரயில்வே கடிதம் டிவி மேலேயே இருந்தது. அவரும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

ஜனவரி 3, 2010

பிஜு நேற்று சண்டையின் டிவிடியைக் கொடுத்தனுப்பியிருந்தான். அக்காவும் அம்மாவும் பார்த்தார்கள். அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

இன்று மத்தியானம் நானும் அக்காவும் தோட்டத்திலிருந்து வந்தோம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது உள்ளே மலையாளத்தில் வர்ணனை. அப்பா தனியாக, டிவிக்கு ரொம்பப் பக்கத்தில், சிமென்ட் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். திரையில் என் தலை திருச்சூர்க்காரன் அக்குளில் இருந்தது. அப்பா தன் கழுத்தைத் தானே பிடித்துக்கொண்டார். என் கை எழுந்து நின்றபோது, "தட்டிறாத, தட்டிறாத" என்று முணுமுணுத்தார். தலை வெளியே வந்தது. கணுக்காலைப் பிடித்தேன்.

அப்பாவின் வலது கை தரையில் பளார் என்று விழுந்தது. மறுபடி பளார்.

அக்கா வாசலில் நின்றபடியே, "அப்பா, அம்பது" என்றாள்.

திரும்பிப் பார்த்தார். கண் நிறைந்திருந்தது, மறைக்க முயலவில்லை. ரிமோட்டை என் பக்கம் நீட்டினார்.

"இது எனக்கு ஓட்டத் தெரியல. அந்தப் பிடிய இன்னொருக்கப் போடு."

பக்கத்தில் உட்கார்ந்தேன். நான்கு முறை போட்டுக் காட்டினேன். நான்கு முறையும் அறைந்தார்.