பேஸ்டிங் மேசைக்கு ஐந்து வாக்கியங்கள்

பிப்ரவரி 3, செவ்வாய்

இன்றும் சாப்பாட்டு நேரத்தில் பாதி போயிற்று. இன்னும் ஒன்பது நாளில் ஆடிட். நம்மிடம் ஷூ வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனியிலிருந்து ஒரு அம்மா வந்து, தொழிலாளிகளைத் தனித்தனியாக அழைத்துக் கேள்வி கேட்பாராம். பேஸ்டிங்கில் தோல் ஒட்டும் பன்னிரண்டு பெண்களுக்கும் ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியம் கற்றுத்தருவது என் வேலை. செக்கிங் மேசையில் நிற்கிறவளுக்கு ஏன் இந்த வேலை? பி.காம். படித்த பாவம். நல்லபடியாக முடிந்தால் மாடியில், வெளிநாட்டுக் கம்பெனிகளுக்கு மெயில் எழுதும் மெர்ச்சண்டைசிங் அறையில் எனக்கு ஓர் இடம் என்று ஹெச்.ஆர். ஜெயசீலன் சார் வாக்குக் கொடுத்திருக்கிறார். நான்கு வருடமாக நின்றே வேலை பார்க்கிறேன். எனக்கு அந்த நாற்காலி வேண்டும்.

முதல் வாக்கியம், "வீ ஆல்வேஸ் வேர் கிளவுஸ்". எப்போதும் கையுறை போடுகிறோம் என்று அர்த்தம். பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் "ஆல்வேஸ் வீ வேர்" என்கிறார்கள். நாக்குத் தள்ளிவிட்டது.

பிப்ரவரி 5, வியாழன்

ஆல்வேஸ், நெவர், யூஷுவலி எல்லாம் ஆளுக்கும் செய்கிற வேலைக்கும் நடுவில் வர வேண்டும் என்று விளக்கினேன். நன்றாகத் தலையாட்டினார்கள். உடனே கிறிஸ்டினா, "வீ ஆல்வேஸ் ஆர் ஹேப்பி" என்றாள். இல்லை, 'ஆர்' வந்தால் அதற்குப் பின்னால் என்றேன்.

"அதுக்கு மட்டும் இன்னாக்கா தனி மரியாதை?"

எனக்குத் தெரிந்தால்தானே சொல்ல. தமிழில் 'எப்பவும்' முன்னால் பின்னால் எங்கே உட்கார்ந்தாலும் யாரும் எழுப்பிவிடுவதில்லை. இந்த ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்கு இத்தனை ராங்கி.

முனியம்மாக்காதான் ரொம்பப் பேஜார். பதினெட்டு வருடம் தோல் ஒட்டும் சொல்யூஷன் தடவி விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து கிடக்கிறது. ஆல்வேஸைக் கடைசியில் கொண்டுபோய் வைத்து இழுக்கிறார். ஆறாவது முறை நான் கத்திவிட்டேன். அவர் கோபப்படவில்லை.

"எங்க வெச்சா இன்னாம்மா? கிளவுஸே இல்லியே."

பன்னிரண்டு பேரும் சிரித்தார்கள். எனக்கு அழுகைதான் வந்தது.

பிப்ரவரி 9, திங்கள்

ஜெயசீலன் சாரிடம் கேட்டேன் – இவர்கள் தமிழிலேயே பதில் சொல்லட்டுமே சார், யாராவது மொழிபெயர்த்தால் போயிற்று.

"தமிழ்ல விட்டா வாய் நிக்காதும்மா. இங்கிலீஷ்னா நீ கத்துக்குடுத்தது மட்டும்தான் வரும்."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். நான் ஏன் சிரித்தேன்? பஸ்ஸில் மாதனூர் வரும்வரை அதையே கேட்டுக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 11, புதன்

கிளவுஸ் வந்தது. நீல நிறம், ஆளுக்கு ஒரு ஜோடி. ஆடிட் முடிந்ததும் திருப்பித் தர வேண்டும் என்று ஸ்டோரில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்.

பிப்ரவரி 12, வியாழன்

எல்லோரும் சரியாகச் சொன்னார்கள். ஒரு ஆல்வேஸ்கூட இடம் மாறவில்லை. அதுதான் வினையாகிவிட்டது. ஏழு பெண்கள் ஒருவர் பின் ஒருவராகப் போய் அதே ஐந்து வாக்கியத்தை அதே வரிசையில் ஒப்பித்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? எட்டாவதாக முனியம்மாக்கா உள்ளே போனதும், அந்த அம்மா வெளியே வந்து ஆங்கிலம் தெரிந்தவர் யார் என்று கேட்டார். ஜெயசீலன் சார் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

அறையில் அந்த அம்மா, முனியம்மாக்கா, நான், மூன்று பேர் மட்டும். இவரைத் தமிழிலேயே பேசச் சொல், எப்போதிலிருந்து கையுறை போடுகிறார் என்று கேள் என்றார் அந்த அம்மா. கேட்டேன். முனியம்மாக்கா என் முகத்தைப் பார்த்தே பேசினார். கிளவுஸ் நேற்றுத்தான் கொடுத்தார்கள். நாளைக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். விரல் எரிவதால் சோற்றைப் பிசைய முடியாமல் ஸ்பூனில் சாப்பிடுகிறார். சொல்யூஷன் வாடைக்கு மத்தியானம் ஆனால் தலை சுற்றுகிறது. இரண்டு மூன்று நிமிடம் இருக்கும். முடித்துவிட்டு, "சொல்லும்மா" என்றார்.

நான், "ஷீ ஆல்வேஸ் வேர்ஸ் கிளவுஸ்" என்றேன்.

பிப்ரவரி 16, திங்கள்

மாடி. சக்கரம் வைத்த நாற்காலி. கால் வலிக்கவில்லை. வேறு எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 19, வியாழன்

இன்று பதினான்கு மெயில். ஜெயசீலன் சார் ஒன்றைக்கூடத் திருத்தவில்லை. "அருமையா எழுதுறம்மா" என்றார். எரிச்சலாக வந்தது.

பிப்ரவரி 24, செவ்வாய்

இனி முடியாது என்று கேன்டீனுக்கு இறங்கிப் போனேன். முனியம்மாக்கா ஸ்பூனால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன். அக்கா, அன்னிக்கு நீங்க சொன்னத நான் சொல்லல.

"தெரியும்," என்றார். "நான் அவ்ளோ நேரம் பேசனேன். நீ ஒரு மூச்சுல முடிச்சிட்டியே."

இத்தனை நாளும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் தினமும் கம்பெனி கேட்டில் பார்க்கும்போது, "சாப்டியா சௌந்தர்யா?" என்று கேட்டிருக்கிறார். திட்டியிருந்தால் தேவலாம். பாவி நான். மன்னிச்சிடுங்க என்று நான் சொல்வதற்குள் அவர் டப்பாவை மூடிக்கொண்டு எழுந்துவிட்டார்.

பிப்ரவரி 25, புதன்

ஆடிட் அன்று அந்த அம்மா கொடுத்த விசிட்டிங் கார்டு என்னிடம் இருக்கிறது. முனியம்மாக்கா சொன்னது முழுவதையும் எழுதினேன். அன்று நான் சொன்னது பொய் என்றும் எழுதி, என் பெயரைப் போட்டே அனுப்பினேன்.

மார்ச் 10, செவ்வாய்

நேற்றிலிருந்து மறுபடி செக்கிங் மேசை. மாடியில் ஆள் ஜாஸ்தியாம். ஜெயசீலன் சார் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. இந்த மாதத்தோடு சீட்டுக் கிழிந்துவிடும் என்று கிறிஸ்டினா காதைக் கடித்தாள். இருக்கலாம்.

காலையில் அந்த அம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்து இறங்கினார். இந்த முறை கூடவே தமிழ் பேசும் ஒரு பெண். பேஸ்டிங்கிலிருந்து ஒவ்வொருவராகக் கூப்பிடுகிறார்கள். முனியம்மாக்காதான் முதல் ஆள். அவர் உள்ளே போய் ஐம்பது நிமிடம் ஆகிறது. கதவு இன்னும் திறக்கவில்லை.