நீ காலை மடக்கியதை நான் பார்த்தேன்

என் பிரியமுள்ள மூர்த்தி அண்ணாவுக்கு,

நீ போய் நாலு மாதம் ஆகிறது. இந்த வருஷம் ஏரி நிரம்பவில்லை, பாதி நிலத்தில்தான் நட்டிருக்கிறோம். உன் மகள் பவானி ஏழாவது படிக்கிறாள். அண்ணி மறுபடி களை எடுக்கப் போகிறார். இதையெல்லாம் உனக்குச் சொல்ல வேண்டியதுதான். ஆனால் நான் எழுத உட்கார்ந்தது வேறு ஒன்றுக்காக. மூன்று வருஷம் நீ கட்டிலில் கிடந்தபோது உன் முகத்தைப் பார்த்து என்னால் அதைச் சொல்ல முடியவில்லை.

அன்றைக்குக் காவாந்தண்டலத்திலிருந்து வைக்கோல் ஏற்றிக்கொண்டு வந்தோம். நான் டிராக்டர் ஓட்டினேன், நீ பின்னால் பாரத்தின் உச்சியில் இருந்தாய். திருப்பத்தில் கயிறு அறுந்தது. நான் வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்தபோது நீ மைல்கல் பக்கத்தில் மல்லாந்து கிடந்தாய்.

"இடுப்பு வுட்டுப்போச்சுடா" என்றாய். சொல்லிக்கொண்டே வலது காலை மெல்ல மடக்கினாய். முட்டி மேலே வந்தது. பிறகு நீட்டிக்கொண்டாய். அதை நான் பார்த்தேன், அண்ணா. கால் அசைகிறதே, பயமில்லை என்று கூட நினைத்தேன்.

வயலில் நின்ற மூன்று பேர் ஓடி வந்தார்கள். அதில் பெரியவர் ஒருவர், "ஆம்புலன்ஸ்க்கு போன் பண்ணுப்பா, அவங்க வந்து தூக்கட்டும்" என்றார்.

"அது வர்றதுக்குள்ள இன்னா ஆவுமோ. தூக்குங்க நைனா" என்று கத்தியது நான்தான். உன் அக்குளில் கை கொடுத்து நான் தூக்கினேன், அவர்கள் காலைப் பிடித்தார்கள். நடுவில் உன் உடம்பு மடிந்து தொங்கியது. அப்போது நீ போட்ட சத்தம் மாதிரி ஒன்றை அதற்கு முன்னாலும் நான் கேட்டதில்லை, அப்புறமும் கேட்டதில்லை. வழியில் வந்த குட்டி யானை வண்டியில் உன்னைப் படுக்கவைத்துச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனோம். குலுங்கிக்கொண்டே போனோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் உன் பாதத்தைச் சாவியால் கீறி, காலை அசைக்கச் சொன்னார். உன்னால் முடியவில்லை. அவர் என்னைப் பார்த்து, "விழுந்த இடத்துல கால் அசைஞ்சுதா? கவனிச்சீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல சார், பாக்கல" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன்? அவர் என்னைக் குற்றம் சொல்ல வரவில்லை, வைத்தியத்துக்காகக் கேட்டார். அந்த நேரத்துக்கு எனக்கு அது புரியவில்லை. தூக்கியவன் நான் என்பது மட்டும்தான் மண்டைக்குள் நின்றது.

செவ்வாய்க்கிழமைகளில் உனக்குப் பயிற்சி கொடுக்க உத்திரமேரூரிலிருந்து பிசியோதெரபி அம்மா வருவார், ஞாபகம் இருக்கிறதா? பவானி நோட்டில் அவர் வரைந்து காட்டினாரே. முதுகெலும்புக்கு உள்ளே தண்டுவடம் ஓடுகிறது, சுண்டு விரல் தடிமன்தான், மூளையின் அடியில் தொடங்கி இடுப்புக்குக் கொஞ்சம் மேலேயே முடிந்துவிடும், அதற்குக் கீழே நரம்புகள் குதிரைவால் போலத் தொங்கும் என்றார். இரண்டு பக்கமும் முப்பத்தொரு ஜோடி நரம்புகள் கிளம்புகின்றன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வேர். முன்வேர் வழியே அசை என்ற உத்தரவு வெளியே போகிறது, பின்வேர் வழியே தொடுவதும் சுடுவதும் உள்ளே வருகிறது.

பவானி பாதத்தில் கை வைத்தால் உனக்குத் தெரியும். ஆனால் ஒரு நாள் அண்ணி வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்தபோது காலில் கொப்புளம் வந்தது, நீ பேசாமல் கிடந்தாய். "கைய வெச்சது தெரிஞ்சுது, சுட்டது தெரியலயே" என்றாய். தொடுவது வடத்தின் பின்பக்கமாக மேலே ஏறுகிறது, சூடும் வலியும் முன்பக்கமாக ஏறுகின்றன, உடைந்த எலும்பு முன்பக்கத்தை நசுக்கிவிட்டது என்று அந்த அம்மா விளக்கினார்.

அன்று அவரைப் பஸ் ஏற்றிவிடப் போனபோது, வேறு யாருக்கோ நடந்தது போலக் கேட்டேன். "வுயிந்தவங்கள கையும் காலும் புடிச்சி தூக்கினா வடம் நசுங்குமா மேடம்?"

"நசுங்கலாம். அதனாலதான் பலகையில நேரா வெச்சுத் தூக்கணும்னு சொல்றோம். ஆனா விழும்போதே நசுங்கியிருக்கலாம், அப்புறம் தானா வீங்கியும் இருக்கலாம். உறுதியா யாராலயும் சொல்ல முடியாது" என்றார்.

அந்த வாரம்தான் நீ என்னைக் கேட்டாய். "டேய் ஏழுமல, கீழ வுயிந்தப்ப நான் கால மடக்கனேன் தான? நீ பாத்த தான?"

"இல்லண்ணா. வலியில உனக்கு அப்டி தோணிக்கீது" என்றேன்.  நீ சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அதற்குப் பிறகு ஒரு நாளும் நீ அதைக் கேட்கவில்லை.

படுக்கைப்புண் எலும்பு வரைக்கும் போயிற்று. அது வலிக்கவே இல்லை என்றாய். அதன் கிருமி ரத்தத்தில் கலந்து, காய்ச்சல் வந்து, ஆறு நாளில் முடிந்துவிட்டது.

போன வாரம் அண்ணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துணி அலசிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். தூக்கியதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"என்னாண்ட எத்தினி வாட்டி சொன்னாரு, கால மடக்கனேன்னு. நான் நம்பல. படுத்துக்கினே கீறதால புத்தி பெசகிப்போச்சின்னு நெனச்சேன். அந்தப் பேச்ச எடுக்காதன்னு அவர அதட்டிக்கீறேன்" என்றார். "நீ ஒரு வார்த்த ஆமான்னு சொல்லியிருந்தா அந்த மனுசன் நிம்மதியா கண்ண மூடியிருப்பாரு."

அன்றிலிருந்து அவர் என்னுடன் பேசுவதில்லை. நான் அப்படித் தூக்காமல் இருந்திருந்தால் நீ நடந்திருப்பாயா, அண்ணா? எனக்குத் தெரியாது. நான் தூக்கியது தவறு, தெரியாமல் செய்தேன். பாக்கல என்று இரண்டு தடவை சொன்னது தெரிந்தே சொன்னது.

பவானிக்கு இன்னும் தெரியாது. அப்பாவுக்குக் கடைசியில் ஞாபகம் தடுமாறியது என்று பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் அவள் சொல்வதைக் கேட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளை உட்காரவைத்து, அப்பா சொன்னது நிஜம், பொய் சொன்னது சித்தப்பா என்று சொல்லப்போகிறேன். அவள் என் முகத்தில் விழிக்காமல் போனாலும் சொல்வேன். உன்மேல் ஆணை.

நீ கேட்டபோது ஆமாம் என்று சொல்லாத உன் தம்பி,
ஏழுமலை