கிருஷ்ணமணியின் தோள்

நாகர்கோவில்
1926 மே 11

பிரியமுள்ள ஞானசிங்குக்கு ராஜையன் தோத்திரம் சொல்லி எழுதுவது.

நம் சத்தியராஜ் இன்று மத்தியானம் போய்விட்டான். வெறும் காய்ச்சல் என்றுதான் நினைத்தோம், பாவி ஏமாற்றிவிட்டான். அவன் மனைவி தேவகனி தலைமாட்டை விட்டு அசையவில்லை. பள்ளிக்கூட நேரம் போக உலகத்துக்கெல்லாம் மனு எழுதினவன். கோயில் தெருவில் எல்லாச் சாதியாரும் நடக்க வேண்டுமென்று ஜெனீவாவில் உன் சமாதான சங்கத்துக்கு அனுப்பினானே, அது என்ன ஆயிற்று என்று நேற்றுகூடக் கேட்டான்.

கிறிஸ்தவன் என்பதால் அவனை அந்தத் தெருவில் விட்டார்கள். எங்களோடு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் கிருஷ்ணமணியைக் கீழ்ச்சாதி இந்து என்று விடவில்லை. அதனால் சத்தியராஜும் அங்கே கால் வைத்ததில்லை என்பது உனக்குத் தெரியும். “நா செத்தா அந்தத் தெருவழியா எடுங்க மக்கா. கிருஷ்ணமணிக்க தோளும் பெட்டிக்க அடியில இருக்கணும்” என்றான். நாளைக் காலை அப்படியே செய்கிறோம்.

உன்
ராஜையன்

ஜெனீவா
1926 ஜூன் 7

அன்பு ராஜையா,

உன் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். சங்கத்தில் அவனுக்காக எல்லோரும் எழுந்து நின்றார்கள். கிருஷ்ணமணி தூக்க, சத்தியராஜ் அந்தத் தெருவழியே போனான் என்று சொன்னேன். முன்பின் தெரியாதவர்கள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

அடக்கத்தைப் பற்றி விவரமாக எழுதமாட்டாயா? தேவகனி மைனி எப்படி இருக்கிறார்கள்?

என்றும் உன்
ஞானசிங்

நாகர்கோவில்
1926 ஜூலை 2

ஞானசிங்,

ஏனப்பா அவசரப்பட்டாய்?

தெருமுனையில் சிலர் நின்றார்கள். அடிதடி ஒன்றுமில்லை. “பெட்டி போகட்டும் வாத்தியாரே, அந்த ஆளு மட்டும் வயக்காட்டு வழியா சுத்தி வரட்டு” என்றார்கள். பாட்டு நின்றது. போதகருக்கு வேறு ஊரில் ஆராதனை, கடிகாரத்தைப் பார்த்தார். நான்தான் கிருஷ்ணமணியின் தோளைத் தொட்டேன். அவன் விலகினான். அந்த இடத்தில் நான் தோள் கொடுத்தேன். பெட்டி தெருவழியாகத்தான் போனது.

தேவகனி எங்களோடு வரவில்லை. கிருஷ்ணமணியோடு வயல்வழி நடந்தாள். அவர்கள் வந்து சேர்ந்தபோது மண் போட்டாயிற்று. “வெறும் பெட்டியத்தான் சொமந்திய அண்ணே” என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. கிருஷ்ணமணி வேலையை விட்டுவிட்டான். நான் என்ன செய்திருக்க வேண்டும், நீயாவது சொல்லு.

ராஜையன்

ஜெனீவா
1926 அக்டோபர் 4

ராஜையன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தைச் சங்கச் செயலாளருக்கு வாசித்துச் சொன்னேன். மனுவை ஜூன் மாதமே முடித்துவைத்துவிட்டார்களாம். “அந்தத் தெரு திறந்துவிட்டதென்று நீர்தானே சொன்னீர்” என்கிறார். சத்தியராஜ் வருஷக்கணக்காக எழுதியதை நீங்களும் நானும் சேர்ந்து குழியில் தள்ளிவிட்டோம்.

கிருஷ்ணமணியிடம் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். உறையைப் பிரிக்காமலே திருப்பி அனுப்பிவிட்டான். அவன் செய்தது சரி. இனி உங்கள் கடிதம் வந்தால் நானும் அப்படியே செய்வேன்.

ஞானசிங்