துவைக்காத துண்டு

இன்று காலை மாடியில் குடியிருக்கும் பெண் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தாள். குழந்தையின் கீழுதட்டுக்கு அடியில், தேன் சொட்டிக் காய்ந்தது போல மஞ்சளாக ஒரு பொருக்கு. பக்கத்தில் இன்னும் உடையாத சின்னக் கொப்புளம் ஒன்று. "ஆன்ட்டி, இது அம்மையா இருக்குமோ?" என்று கேட்டாள். கையில் வேப்பங்கொத்து வேறு.

கண்ணாடியைத் தேட வேண்டிய அவசியமே எனக்கு இருக்கவில்லை. அம்மை இல்லை, கிருமியால் வரும் புண், ஒட்டிக்கொள்ளும், பயப்படாதே, ஆனால் இன்றைக்கே டாக்டரிடம் காட்டு என்றேன். பொருக்கை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து மெதுவாகத் துடைக்க வேண்டும். டாக்டர் தரும் களிம்பைப் பூசிவிட்டுக் கையை சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். குழந்தையின் துண்டை மற்றவர்கள் தொடக் கூடாது. ஆறியது போலத் தெரிந்தாலும் மருந்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது. அவள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். எல்லாம் சொல்லி முடித்த பிறகு, நானே எதிர்பாராமல், "குழந்தை எதைக் கட்டிக்கிட்டுத் தூங்குது?" என்று கேட்டுவிட்டேன்.

அவள் விழித்தாள். "எதுக்கு ஆன்ட்டி?"

சும்மாதான், முதலில் டாக்டரைப் பார் என்று அனுப்பிவிட்டேன். அவள் மாடி ஏறிப் போனதிலிருந்து உன்னோடுதான் இந்தக் காகிதத்தில் பேசிக்கொண்டிருக்கிறேன். நீ அந்த மணல் ஊரிலேயே அடக்கமாகிவிட்டாய் என்று போன கோடையில் உன் மகள் ஷமீமா போனில் சொன்னாள். இனி உன்னிடம் கேட்க முடியாது என்றான பிறகுதான் கேட்க வேண்டும் போல இருக்கிறது. நீ இருந்தபோது எத்தனையோ முறை வாய்ப்பு இருந்தது. ஆனால் அடுத்தவர் மனசுக்குள் கைவிட்டுத் துழாவுவது என் வழக்கம் இல்லை. உனக்கும் அது தெரியும்.

மன்னார்குடியில் நாம் சுவரோடு சுவராக இருந்தோம். வீட்டுக்கு வீடு போன் வராத காலம், கடைத்தெருவில் எஸ்.டி.டி. பூத்துகள் மட்டும் முளைத்துக்கொண்டே இருந்தன. நிலத்தைக் குத்தகைக்கு விட்டவர்கள், கடையைத் தம்பியிடம் விட்டவர்கள் என்று தெருவுக்கு நாலு பேர் விமானம் ஏறிக்கொண்டிருந்தார்கள். உன் கணவர் ஷார்ஜாவில் இருந்தார். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து அவர் கூப்பிடுவார் என்று நீ பூத்தில் போய்க் காத்திருப்பாய். மற்ற நாட்களில் மதியம் ஆனால் என் சமையல்கட்டு வாசலில் வந்து உட்காருவாய். என்னைவிட சில வயது சின்னவள், ஆனாலும் ஊர் விவகாரத்தில் என்னைவிடப் பெரியவள்.

அந்த வருடம் அவருக்குச் சம்பளம் உயர்ந்து, குடும்பத்தை அழைத்துக்கொள்ள விசா வந்தது. நீயும் ஷமீமாவும் குறிப்பிட்ட தேதிக்குள் போய் இறங்க வேண்டும். தவறினால் விசா செல்லாது; மறுபடி எப்போது கிடைக்கும் என்று சொல்ல ஆளில்லை. உன் மாமியார் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார். சரியாக அந்த நேரம் பார்த்து ஐப்பசி மழை பிடித்தது. ஷமீமாவின் தாடையில் முதல் கொப்புளமும் வந்தது.

உன் மாமியார் பார்த்தவுடன் தீர்ப்புச் சொன்னார். "அம்மை போட்டிருக்கு. தண்ணி படக் கூடாது, மருந்தும் ஆகாது."

எதிர்வீட்டம்மா விடவில்லை. "இது அக்கிங்க பெரியம்மா. பானை செய்யிற வேளார்கிட்டக் கூட்டிட்டுப் போய்க் காவியைக் குழைச்சு எழுதிட்டு வந்தா, தானா உதிர்ந்துடும்."

இரண்டு கட்சிக்கும் மனம் கோணக் கூடாது என்று நீ இரண்டையும் செய்தாய். குழந்தை குளிக்காமல், தாடையில் செங்காவியும் கன்னத்தில் வேப்பிலை அரைப்புமாக மாட்டுப் பொங்கல் கன்றுக்குட்டியைப் போல நின்றாள். அடுத்த நாளே என் சின்னவளுக்குக் காதோரம் அதே கொப்புளம். இரண்டு குழந்தைகளையும் உன்னையும் இழுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன்.

"அம்மையும் இல்ல, அக்கியும் இல்ல" என்றார் அவர், காவியைப் பஞ்சால் துடைத்துக்கொண்டே. "கிருமி. சொறிஞ்ச கை எங்க படுதோ அங்கெல்லாம் வரும். ஒரே துண்டுல முகம் துடைச்சா வீடு பூரா வரும். காயுற வரைக்கும் பள்ளிக்கூடம் வேணாம். முழுசா ஆறிட்டா பிளேன் ஏறலாம், ஒண்ணும் பயம் இல்ல."

துண்டு என்ற அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது எனக்கு. தஞ்சாவூர் கான்வென்ட் விடுதியில் எங்கள் துண்டு, தலையணை உறை, கைக்குட்டை எல்லாவற்றிலும் அவரவர் எண்ணைச் சிவப்பு நூலில் தைத்திருப்பார்கள். அடுத்தவள் துண்டைத் தொட்டவளுக்கு அன்று மாலை விளையாட்டுக் கிடையாது. அந்தப் பழக்கத்தில் உன் வீட்டுத் துண்டுகளின் ஓரத்திலும் நான் நூல் தைத்தேன். ஷமீமாவுக்குப் பச்சை, உனக்கு நீலம், மாமியாருக்குச் சிவப்பு. தலையணை உறைகளைச் சோடா உப்புப் போட்டுக் கொதிக்க வைத்தோம். மழையில் எதுவும் காயாது என்பதால் அடுப்புக்கு மேலே கொடி கட்டினோம். மிச்ச ஈரத்தை இஸ்திரிப் பெட்டியால் எடுத்தோம்.

உன் மாமியார் கட்டிலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்தார். "எங்க காலத்துல புண்ணு வந்தா புண்ணு, அவ்வளவுதான். இப்ப அதுக்குத் தனித் துண்டு, தனித் தலகாணி! புது மாப்பிள்ளைக்குக்கூட இந்த உபசாரம் கிடையாதும்மா."

நீ முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாய். அப்போது என் வீட்டுக்காரரும் இருந்தார். வாசலிலேயே வாளியும் சோப்பும் வைத்து எல்லாரையும் கைகழுவ வைத்த என்னைக் காட்டி, "ஷார்ஜாவுக்கு விசா ஈசியாக் கிடைச்சிடும்மா. இந்த வீட்டுக்குள்ள வரத்தான் கஷ்டம்" என்று உன்னிடம் சொன்னார். அதற்கும் சிரித்தாய்.

இவ்வளவும் எழுதுவது, நாம் எதையும் விட்டுவிடவில்லை என்பதற்காக. என் சின்னவளுக்கு டாக்டர் சொன்னபடி ஆறியது, திரும்பி வரவில்லை. ஷமீமாவுக்கும் ஆறியது. பொருக்கு உதிர்ந்து இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் தெரிந்தது. பிறகு அதே தாடையில் மறுபடி வந்தது. மருந்தை மாற்றினார்கள். ஆறியது. மறுபடியும் வந்தது. டாக்டரம்மா நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"துண்டெல்லாம் தனிதானே?"

"ஆமாங்க டாக்டர்" என்றேன் நான். நீயும் தலையாட்டினாய். அந்தத் தலையாட்டலை நான் எத்தனையோ முறை மனசுக்குள் திரும்பக் கொண்டுவந்து பார்த்திருக்கிறேன். சாதாரணமாகத்தான் ஆட்டினாய்.

அந்த வெள்ளிக்கிழமை நானும் உன்னோடு பூத்துக்கு வந்தேன். உன் கணவர் பேசியது கண்ணாடிக் கதவுக்கு வெளியிலும் கேட்டது. "புள்ள முகத்துல புண்ணோட வந்தா இங்க எறக்க மாட்டாங்க. தேதி போச்சுன்னா விசா போச்சு. ஒரு புண்ண ஆத்த முடியலையா உங்களால?"

நீ ரிசீவரைக் காதிலிருந்து சற்றே தள்ளிப் பிடித்துக்கொண்டு, "ஆறிடுங்க. அக்கா பாத்துக்குறாங்க" என்றாய்.

அக்கா பார்த்துக்கொள்கிறாள் என்றால் சும்மாவா? பள்ளிக்கூடத்தைச் சந்தேகப்பட்டேன், ஆனால் குழந்தை பள்ளிக்கூடமே போகவில்லை. ஈயைச் சந்தேகப்பட்டுக் கொசுவலை கட்டினேன். மாமியாரின் வெற்றிலைப் பெட்டியைத் துடைக்கும் துணியைக்கூட விடாமல் கொதிக்க வைத்தேன். என் கணக்குக்கு உள்ளே வராத ஏதோ ஒன்று உன் வீட்டில் இருக்கிறது என்பது மட்டும் தெரிந்தது.

மழை சற்று விட்டிருந்த ஒரு மதியம், உறைகளை எடுத்துப் போகலாம் என்று உள்ளே வந்தேன். ஷமீமா தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் தாடைக்கு அடியில், நான் நூல் தைக்காத ஒரு துண்டு. அரக்கு நிறம், கம்பளி போலக் கனம். உன் கணவர் விடுமுறையில் வந்தபோது தோளில் போட்டுக்கொண்டு திரிந்த துண்டு அது என்று எனக்கே அடையாளம் தெரிந்தது. ஓரத்தில் களிம்பும் சீழும் காய்ந்து முடமுடவென்று இருந்தது.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

நீ வாசற்படியிலேயே நின்றாய். "இது இல்லாம தூங்க மாட்டேங்குறாக்கா. அத்தா துண்டு வேணும்னு அழுவுறா."

சத்தத்தில் கண் விழித்த குழந்தை, "நான் ஒண்ணும் அழுவல. அம்மாதான் பீரோலேருந்து எடுத்துக் குடுத்துச்சு" என்றாள்.

நீ அவளை அதட்டவில்லை. மறுக்கவும் இல்லை. துண்டை எடுத்து மடித்தாய், பீரோவில் வைக்கப்போகிறவளைப் போல, ஓரத்தோடு ஓரம் சேர்த்து.

"இதைத் துவைக்கவே இல்லையா?"

"துவைச்சா அப்பறம் என்னக்கா இருக்கும் அதுல?"

எனக்குக் கோபம்தான் வந்தது. "அவர் வாசம் இதுல இருக்குன்னு வச்சிக்கிட்டு, அவர்கிட்டயே போகாம உக்காரப் போறியா?"

"தெரியலக்கா" என்றாய். அவ்வளவுதான். பிறகு நீயே அடுப்பை மூட்டி, நீயே அண்டாவில் தண்ணீர் வைத்து, துண்டை உள்ளே போட்டுக் குச்சியால் அழுத்தினாய். தண்ணீர் சாயம் இறங்கிச் சிவந்தது. புகையில் உன் கண் கலங்கியதா என்று அப்போதே எனக்குச் சரியாகத் தெரியவில்லை. இப்போது எப்படித் தெரியும்?

புண் ஆறியது. திரும்பி வரவே இல்லை. அந்த மட்டில் நான் சொன்னது சரி; இன்றைக்கும் சரி. நான் குழம்புவது அதில் இல்லை.

கணவன் நினைவாக வைத்திருந்தாய் என்றால், அந்தத் துண்டேதான் உன்னை அவரிடம் போகவிடாமல் பிடித்து வைத்தது. டாக்டரம்மா சொன்னதை நீ என்னைவிடக் கவனமாகக் கேட்டாய். உறையைக் கொதிக்க வைத்தவளுக்குத் துண்டைக் கொதிக்க வைக்கத் தெரியாதா? அப்படியானால் போக மனமில்லாமல் செய்தாயா? அங்கே தண்ணீரைக்கூடக் காசு கொடுத்து வாங்க வேண்டுமாம், ஜன்னலைத் திறக்க முடியாதாம் என்று நீ சொல்லிக்கொண்டிருந்தது உண்மை. அவர் அனுப்பிய பணத்தில் கொத்தனாரை விரட்டி விரட்டி மாடி எழுப்பினது நீ. வீட்டுச் சாவி உன் இடுப்பில் இருந்தது. அங்கே யார் இடுப்பில் இருக்கும்? ஆனால் போக மனமில்லாதவள் வெள்ளிக்கிழமைதோறும் மழையில் நனைந்துகொண்டு பூத்துக்கு ஓடுவாளா? ஒன்றைப் பிடித்தால் மற்றது நழுவுகிறது. மூன்றாவதாக ஒரு காரணமும் தோன்றியதுண்டு. என் சமையல்கட்டு வாசலைப் பற்றியது அது. அதை எழுதினால் என்னை நானே பெரிதாக எண்ணிக்கொள்வது போல ஆகும், விட்டுவிடுகிறேன்.

விசாத் தேதிக்குள் போய்ச் சேர்ந்துவிட்டு, முதல் விடுமுறையில் வந்தபோது சதை போட்டிருந்தாய். "நல்லா இருக்கேன்கா, ஒரு குறையும் இல்ல" என்றாய். நம்பினேன். இன்னொரு விடுமுறையில், என்னோடு கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் திடீரென்று, "அந்த வருஷம் அந்தப் புண்ணு மட்டும் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருந்தாக்கா..." என்று ஆரம்பித்தாய். அதற்குள் ஷமீமா எதற்கோ உன்னைக் கூப்பிட்டுக்கொண்டு வந்தாள். நீ எழுந்து போய்விட்டாய். இருந்திருந்தால் என்ன? 'விசா போயிருக்கும், நான் உடைஞ்சு போயிருப்பேன்' என்று சொல்ல வந்தாயா? வேறு ஏதாவதா? நீ திரும்பி வந்து உட்கார்ந்தபோது நான் விலைவாசியைப் பற்றிப் பேசினேன்.

நான் இன்னும் இறக்கி வைக்காமல் வைத்திருப்பது நீ கிளம்பிய காலைப்பொழுதைத்தான். மெட்ராஸ் போகும் வேன் வாசலில் நின்றது. பெட்டிகளை மேலே ஏற்றிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். மாமியார் ஓதிக்கொண்டிருந்தார். நீ உள்ளே ஏறி உட்கார்ந்துவிட்டு, ஷமீமாவை ஜன்னல் பக்கம் நகர்த்தி, அவள் முகத்தை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தாய்.

"அக்கா, இன்னொரு தடவ பாத்துடுங்க."

பார்த்தேன். தாடையில் வடுகூட இல்லை.

"ஆறிடுச்சு."

"நல்லாப் பாத்தீங்களா?"

டிரைவர் இஞ்சினைக் கிளப்பிவிட்டான். நீ என் முகத்தைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை. நான் குழந்தையின் தாடையைத் தொட்டுத் திருப்பி, காதுக்குப் பின்னால், கழுத்துக்கு அடியில் எல்லாம் பார்த்தேன்.

"பாத்துட்டேன். முழுசா ஆறிடுச்சு. போயிட்டு வா."

நீ சரியென்று தலையாட்டி, குழந்தையை மடியில் இழுத்துக்கொண்டாய். எனக்குப் பொய் சொல்ல வராது என்பது தெருவில் எல்லாரையும்விட உனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் என்னிடம் கேட்டாயா, அது தெரிந்தும், 'இன்னும் ஆறல' என்று நான் சொல்ல மாட்டேனா என்று கேட்டாயா?