மௌன நாளில் காணாமல் போன போலெங்

ஓம் சுவஸ்தியாஸ்து, எல்லாம் நலமாகட்டும்.

அன்பு மகள் கோமாங்குக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாகத்தான் இருக்கிறோம், என் முட்டிவலியும் என்னைவிட நன்றாகவே இருக்கிறது. துருக்கியில் குளிர் குறைந்ததா, குல்லாய் போடாமல் வேலைக்குப் போகாதே. உன் நாய் போலெங் இப்போது என் காலடியில் குறட்டை விடுகிறான், அதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படி. போனில் சொல்லியிருந்தால் பாதியிலேயே அழுதிருப்பாய், அதனால்தான் கடிதம்.

மௌன நாளுக்கு முந்தின சாயங்காலம், பேய் விரட்டும் சத்தத்துக்குப் போலெங் மிரளாமலிருக்க நீ சொன்னபடியே செய்தேன். நன்றாக நடக்கவிட்டுக் களைப்பாக்கி, வயிறு நிறையச் சோறும் கோழி ஈரலும் போட்டு, சாமான் அறையில் உன் பழைய சட்டையை விரித்து, ஜன்னலுக்குக் கம்பளி தொங்கவிட்டு, ரேடியோவை மெல்லப் பாடவிட்டுக் கதவைச் சாத்தினேன். தெருவில் பையன்கள் பேய்ப்பொம்மைகளைத் தூக்கிக்கொண்டு கத்த ஆரம்பித்தும் அவன் வாயே திறக்கவில்லை. எனக்கு ஒரே பெருமை. அதில் மண்ணைப் போடத்தான் உன் அப்பா இருக்கிறாரே! வீட்டுப் பேய்களை விரட்டப் பந்தமும் பானையுமாக ஒவ்வொரு அறையாகப் போனவர் அந்த அறையையும் விடவில்லை. கதவைத் திறந்து நாயின் மூஞ்சிக்கு நேரே டமார் டமாரென்று தட்டியிருக்கிறார். பேய் போனதோ இல்லையோ, போலெங் அவர் காலுக்கு நடுவே புகுந்து வாசலைத் தாண்டிக் கூட்டத்துக்குள் ஓடிவிட்டான். உங்களுக்கு மூளை இருக்கா என்று கத்தினேன். "ஒரு அறைய விட்டா எல்லாப் பேயும் அங்கதானே போய் ஒளியும்?" என்கிறார்.

ஊரெல்லாம் தேடியும் கிடைக்கவில்லை. விடிந்தால் மௌன நாள். வாசலைத் தாண்டக் கூடாது, அடுப்பு மூட்டக் கூடாது, குரல் எழுப்பக் கூடாது, போனும் வேலை செய்யாது. எப்படித் தேடுவேன், சொல்? கதவிடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டு அழுதேன். உனக்கு என்ன பதில் சொல்வேன் என்பதுதான் ஒரே கவலை. அப்பா என் முகத்தையே பார்க்கவில்லை, பாவம்.

உச்சி வெயிலில் காலடிச் சத்தம் கேட்டது. அன்றைக்கு ஊர்க்காவலர்கள் மட்டும்தானே தெருவில் நடக்கலாம், ரிந்தா மாமா ரோந்து வருகிறார், போலெங் குரைத்தே தன் தூக்கம் போச்சென்று வருஷமெல்லாம் சண்டைக்கு வருவாரே, அவரேதான். பின்னாலேயே வாலைத் தூக்கிக்கொண்டு நம் போலெங்! எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூப்பிட வாயெடுத்தேன், அதற்குள் மாமா கதவருகே குனிந்து கிசுகிசுத்தார். "அக்கா, கூப்பிட்டுடாதீங்க, கதவையும் திறக்காதீங்க. சந்தோஷத்துல இவன் குரைச்சா ஊர் மானம் போயிடும். எங்க காவல் கொட்டகை பெஞ்சுக்கு அடியில நடுங்கிக்கிட்டுக் கெடந்தான். கூட நடக்கவிட்டா சமத்தா வர்றான். நாளைக்குக் காலையில கொண்டாந்து விடறேன்" என்றார். போலெங் இடுக்கில் மூக்கை நுழைத்து என் விரலை நக்கினான், ஒரு முனகல்கூட இல்லை. நான்தான் என் வாயைப் பொத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

சொன்னபடியே மறுநாள் கொண்டுவந்து விட்டார். வாழைப்பழப் பணியாரம் செய்து கொடுத்தேன். இப்போது போலெங் அவரைப் பார்த்தால் குரைப்பதில்லை. "என்னக்கா, ஊமையாயிட்டானா?" என்று அதற்கும் ஒரு குறை சொல்கிறார்.

வேளைக்குச் சாப்பிடு, தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே. உன் பேரில் கோயிலில் படையல் வைத்திருக்கிறேன், ஒரு குறையும் உன்னை அண்டாது. அடுத்த வருஷம் இந்தப் பண்டிகைக்காவது லீவு கேட்டு வந்துவிடு கண்ணு. நான் ஒருத்தியாக இரண்டு பேரைச் சமாளிக்க முடியவில்லை. நீ நாயைப் பிடித்துக்கொள், நான் உன் அப்பாவைப் பிடித்துக்கொள்கிறேன்.

உன் வரவுக்குக் காத்திருக்கும்
அம்மா, லூ சுக்ரி