குழலுக்குள் வெளிச்சம்

மச்சான்,

போன ஞாயிற்றுக்கிழமை பஞ்சாயத்து டிவியில் ஏதோ வெளிநாட்டுப் படம் போட்டார்கள். தொப்பி வைத்த ஒருவன் காட்டெருமையைச் சுடப் போகிறான். பாதி வழியில் நின்று நம் பக்கம் திரும்பி, கையிலிருக்கும் துப்பாக்கியைத் தூக்கிக் காட்டி என்னவோ விளக்குகிறான். பேசப் பேசக் குழல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுகிறது. ஒரு தடவை நேராக என் முகத்துக்கு வந்து நின்றது. மணலில் உட்கார்ந்திருந்த நான் சட்டென்று ஒருபக்கமாகச் சாய்ந்துவிட்டேன்.

"இன்னா மாமா, டிவிலேர்ந்து குண்டு வருமா?" என்று கூட்டம் சிரித்தது.

"குண்டு வராதுடா, அவன் வாய் நாத்தம் வருது," என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். வீடு வரை இருக்கிற நாலு எட்டு தூரம் நாற்பது எட்டு மாதிரி இருந்தது. இப்போதெல்லாம் சிரிக்க வைத்துவிட்டு வந்தால் உடம்பு வலை இழுத்தது போல அசந்துபோகிறது.

நீ இருந்திருந்தால் அவன் முகத்தைப் பார்த்திருக்க மாட்டாய். விரலைப் பார்த்திருப்பாய். "வெரல எங்க வச்சிக்கினு பேசறான் பாரு," என்று முனகியிருப்பாய். எருமை செத்ததா பிழைத்ததா என்று உனக்குக் கவலை இருந்திருக்காது.

மூன்றாவது வரை படித்தவன் எழுதுகிற மடல் இது. எனக்கு ஒழுங்காக எழுத வராது, உனக்குப் படிக்கவே வராது. கணக்குச் சரியாகிவிட்டது.

வேட்டைக்குத் தடை வருவதற்கு முன்னால், பனிக்காலம் தொடங்கியதும் பட்டணத்திலிருந்து ஏரிக்கு வாத்து சுட ஆட்கள் வருவார்கள். பொன்னேரி ஏஜெண்டு ஒருவர் கூட்டி வருவார். நீயும் நானும் ஒரே படகில் கோல் போட்டுத் தள்ளுவோம். உன்னிடம் ஒரு சட்டம் இருந்தது. படகில் ஏறுகிறவர் துப்பாக்கியை நடுவில் மடக்கித் திறந்து, தோட்டாவை வெளியே எடுத்து, உன் கையில் கொடுக்க வேண்டும். நீ அதை வானத்துக்குத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு குழலுக்குள் பார்ப்பாய். இரண்டு குழலிலும் வெளிச்சம் தெரிந்தால்தான் கோல் அசையும். ஏறும்போது ஒரு தடவை, இடம் மாறும்போதெல்லாம் ஒரு தடவை, இறங்கும்போது ஒரு தடவை. ஒரு பெரிய வக்கீல் கோபித்துக்கொண்டார். "நான் யாருன்னு தெரியுமா?" என்றார். நீ கோலைச் சேற்றில் ஊன்றியபடியே சொன்னாய்: "எனக்குத் தெரியுங்க. தோட்டாக்குத் தெரியாது."

நான் சும்மா இருப்பேனா. வீட்டுக்கு நீ வந்தால் உன் தங்கச்சியின் அடுப்பு ஊதுகுழலைப் பிடுங்கிக் கண்ணில் வைத்துக்கொண்டு, "ரெண்டு பக்கமும் வெளிச்சம் கீது, சோறு போடலாம்," என்பேன். பீடியை எடுத்தால் அதற்கும் வெளிச்சம் பார்ப்பேன். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். நீ மட்டும், "வெளையாடு மாப்ளே. கோல் புடிக்கச்சே வெளையாடாத," என்பாய்.

ஒரு பனிக்காலம் ஏஜெண்டு வெள்ளைக்காரர்களைக் கூட்டி வந்தார். அவர்கள் ஊர் டிவியில் வாராவாரம் வேட்டை காட்டுகிறவர்களாம். ஆப்பிரிக்காவில் சிங்கம், வேறெங்கோ கரடி, இந்த வாரம் நம் ஏரியில் வாத்து. தொப்பி போட்டுச் சுடுகிறவன் ஒருவன், படம் பிடிக்கிறவன் ஒருவன். சுடுகிறவன் நல்லவன்தான். காலையில் இரண்டு வாத்து விழுந்ததும் என் தோளில் தட்டி சாக்லேட் கொடுத்தான். அதன் பிறகுதான் தொல்லை. கேமராவை மணல் திட்டில் மூன்று கால் போட்டு நிறுத்தினார்கள். தொப்பிக்காரன் படகின் முன்பக்கம் நின்றுகொண்டு, துப்பாக்கியைப் பிடித்தபடி, கேமராவைப் பார்த்துப் பேச வேண்டும். நாம் படகைத் தள்ளிக்கொண்டு கேமராவைக் கடந்து போக வேண்டும்.

நீ வழக்கம்போலத் துப்பாக்கியைத் திறக்கச் சொன்னாய். கேமராக்காரன் கையை ஆட்டினான். ஏஜெண்டு திட்டிலிருந்து கத்தினார்: "தொறந்து வச்சா படத்துல ஒடிஞ்ச குடை மாதிரி கீதாம்பா. மூடித்தான் வச்சிப்பாராம்."

"மூடட்டும். அதுக்கு முன்ன ஒரு தபா எங்கிட்ட காட்டச் சொல்லு."

"தோட்டா எடுத்துட்டாராம். சிங்கம் சுட்ட ஆளு, உங்கிட்ட காட்டணுமா?"

"சிங்கத்த எங்கியோ சுட்டாரு. நிக்கறது என் படகுல."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கேமராக்காரன் வானத்தைக் காட்டிக் காட்டிக் கத்தினான். நீ கோலை என் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினாய். தொடையளவுத் தண்ணீர். பத்தடி தள்ளிப் போய் நின்றாய். "நான் வரல. தள்ளுறதுன்னா நீ தள்ளு," என்றாய்.

நான் தள்ளினேன். ஏன் என்று கேட்டால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: எனக்கு டிவியில் வர ஆசை. சட்டைப் பொத்தானைக்கூடப் போட்டுக்கொண்டேன்.

இருபது முழம் போவதற்குள் படகின் மூக்கு சேற்றில் ஏறி உட்கார்ந்துவிட்டது. கோலைப் போட்டு நெம்பினேன், அசையவில்லை. தொப்பிக்காரன் பேச்சை நிறுத்தவில்லை, கேமராவும் நிற்கவில்லை. நான் உன்னைக் கூப்பிட்டேன்.

"மச்சான், வந்து ஒரு கை புடி."

நீ நின்ற இடத்திலிருந்தே கேட்டாய்: "வெளிச்சம் பாத்தியா?"

நான் பார்க்கவில்லை. துப்பாக்கியைத் தொடக்கூட இல்லை. அந்த மனிதனின் முதுகைத் தட்டி, கையால் மடக்கிக் காட்டியிருந்தால் திறந்திருப்பான். அரை நிமிட வேலை. ஆனால் கேமரா என் பக்கம் இருந்தது. வாயருகே கையைக் குவித்து, பல்லெல்லாம் தெரிய, உனக்குக் கத்தினேன்:

"பாத்துட்டேன் மச்சான். ஆந்திரா வரிக்கும் தெரியுது."

நீ வந்தாய். என்னை நம்பி, படகின் மூக்கை வலது கையால் பிடித்து இழுத்தாய். சேறு சட்டென்று விட்டுக்கொடுத்தது. தொப்பிக்காரன் தடுமாறினான். குழல் கீழே சாய்ந்தது. அவன் இரண்டு தோட்டாவில் ஒன்றை எடுத்திருந்தான். மற்றது உள்ளேயே இருந்தது, வெடித்தது.

வாத்து சுடுகிற தோட்டாவின் ரவை பொடிப்பொடியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு பக்கத்தில் அது பொடி இல்லை. படகின் மூக்குப் பலகையோடு உன் இரண்டு விரல்களும் போய்விட்டன. நீ கையைத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு என்னைத்தான் பார்த்தாய். தொப்பிக்காரன் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான்.

பொன்னேரி ஆஸ்பத்திரியில் உன் கையில் கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போதே ஏஜெண்டு எல்லாரிடமும் சொல்லிவிட்டார்: "இந்த ஆளே துப்பாக்கிக்கு முன்னாடி வந்து நடந்தாருப்பா." நீ மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. நாம் ஊர் திரும்புவதற்கு முன்னால் அந்தப் பேச்சு படகேறிப் போய்ச் சேர்ந்திருந்தது.

அதன் பிறகு உன் பெயரே அதுதான். ஊருக்கெல்லாம் வெளிச்சம் பார்த்தவன், தானே போய்க் குழலுக்கு முன்னால் நின்றவன். நாம் மீன் பிடிக்கிற வலைக்கூட்டத்தின் தலைவர், "முன்னாடி இன்னா கீதுன்னு பாக்காதவன்கிட்ட கோல் வேணாம்," என்று உன்னைப் படகின் முன்பக்கத்திலிருந்து எடுத்து, வலையின் வால் பக்கம், கடைசி ஆளாகப் போட்டார். எட்டு விரலோடும் நீ கோல் போட்டிருப்பாய். நன்றாகவே போட்டிருப்பாய். அது கை போனதால் வந்த தண்டனை இல்லை, பேர் போனதால் வந்தது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கதையை டீக்கடையில் நடித்துக் காட்டினவனே நான்தான். நீ நடக்கிற மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நடந்து, "டுமீல்" என்று உட்காருவேன். நீ அங்கேயே இடது கையால் கிளாஸைப் பிடித்து டீ குடித்துக்கொண்டிருப்பாய். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். "நீதான்டா சொன்ன," என்றால் போதும். நீ சொல்லிவிடுவாயோ என்ற பயத்தில்தான் நான் முந்திக்கொண்டு நடித்தேன். அது அப்போது எனக்கே தெரியாது.

பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து ஏஜெண்டுக்கு அந்தப் படம் கேசட்டில் வந்தது. டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து, ஒரு மத்தியானம் நம்மையெல்லாம் பொன்னேரிக்குக் கூப்பிட்டார். நம் ஏரி டிவியில் எவ்வளவு அழகாக இருந்தது. தொப்பிக்காரன் படகில் நின்று சிரித்துப் பேசுகிறான், மூடிய துப்பாக்கி பளபளக்கிறது, ஒடிந்த குடை மாதிரியே இல்லை. அவனுக்குப் பின்னால் கோலோடு நான், பல்லைக் காட்டிக்கொண்டு. நீ தூரத்தில் தண்ணீரில் நிற்கிறாய். நான் வாயருகே கையைக் குவித்துக் கத்துகிறேன். இங்கிலீஷ் பேச்சு ஓடுவதால் என் சத்தம் கேட்கவில்லை. நீ நடந்து வருகிறாய். படகின் மூக்கைப் பிடிக்கிறாய். அடுத்து வானம் முழுக்க வாத்துகள் பறக்கின்றன. அவ்வளவுதான், நடந்தது எதுவும் அதில் இல்லை.

"மாமா, இன்னாத்த அப்டி கத்தின?" என்று யாரோ கேட்டார்கள். எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். 

நீ டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாய்: "பீடி கேட்டான். வேற இன்னாத்த கேப்பான்?"

அந்த அறையே சிரித்தது. உன் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே தமாஷ் அதுதான், மச்சான். படகில் திரும்பி வரும்போது அதைப் பற்றி என்னிடம் பேசுவாய் என்று காத்திருந்தேன். மீன் விலையைப் பற்றிப் பேசினாய்.

போன மார்கழியில் நெஞ்சு வலி என்று படுத்தாய், மூன்றாம் நாள் போய்விட்டாய். பதினாறாம் நாள் காரியத்துக்கு உன் மருமகள் வீட்டு ஆட்கள் வந்திருந்தார்கள். உன் கையைப் பற்றி அவர்கள் கேட்டதும் ஒருவன் ஆரம்பித்தான், துப்பாக்கி முன்னாடி நடந்தாரே என்று. நடித்துக் காட்டச் சொல்லி என்னைப் பார்த்தான். நான் எழுந்திருக்கவில்லை. "அவரா நடக்கல. வெளிச்சம் தெரியுதுன்னு நான் பொய் சொன்னேன், நம்பி வந்தாரு," என்றேன்.

சிரித்தார்கள். "காரியத்துலகூட மாமா வுட மாட்டாரு," என்றான் ஒருவன். இலை போடும் வரை சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் வலை காய்கிற இடத்தில் மறுபடி சொன்னேன். அங்கேயும் சிரிப்புதான். இத்தனை வருடம் பொய்யை விற்றவனிடம் உண்மையை யார் வாங்குவார்கள்?

மூன்றாவது தடவை நேற்றுக் காலையில், படகில் வைத்துச் சொன்னேன். தலைவரும் நானும் மட்டும் இருந்தோம். அவருக்கு இப்போது கண் சரியாகத் தெரியாது. நான் சொல்லி முடித்ததும் சிரிக்கப் போகிறார் என்று காத்திருந்தேன். கயிற்றைக் கீழே வைத்தார்.

"அப்ப நான் அவன வாலுக்குப் போட்டது?"

"தப்பு," என்றேன்.

 நான் கோலைப் போட்டேன். கரை வந்தது. இறங்கும்போது, "இத எல்லார்கிட்டயும் சொல்லு," என்றார்.

"சொன்னா சிரிக்கறாங்க."

"சிரிச்சா மறுபடி சொல்லு."

நாளைக்கு டீக்கடையில் சொல்லப் போகிறேன், மச்சான். நெஞ்சை நிமிர்த்தி நடக்காமல், பெஞ்சில் உட்கார்ந்தபடியே.